வைரஸ் போச்சு... பூஞ்சை வந்துச்சு!

2021 மே மாசம் ஞாபகம் இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் 'இ-பதிவு இருக்கா?'ன்னு வண்டி வண்டியா நிறுத்திக் கேட்ட நேரம். அப்பதான் கொரோனாவிலிருந்து மீண்ட சிலருக்குக் கண் வீங்கி, முகம் மரத்துப் போக ஆரம்பிச்சது. கருப்புப் பூஞ்சை! அந்த மாசமே தமிழக அரசு இதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சது.

இந்தப் பூஞ்சை எந்த எல்லையும் தாண்டி வரலை பாஸ். மண்ணிலும் காத்திலும் எப்பவும் இருக்கிறதுதான். கதவைத் திறந்து விட்டது யாரு? டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூணில் ஒரு பங்கு குறைக்குதுன்னு 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு சொன்னது. நிஜமாவே உயிர் காத்த மருந்து. (வில்லன்னு திட்டாதீங்க!) ஆனா அதே ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும், சர்க்கரையை ஏத்தும். பூஞ்சைக்கு அது பிரியாணி விருந்து. மூக்கில் தொடங்கி கண், மூளைன்னு ஏறிடும். சிலருக்கு உயிரைக் காப்பாத்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாச்சு.

ஐ.சி.யூ.வில் இன்னொரு வாசல், வென்டிலேட்டர் குழாய். மயக்கத்தில் இருமித் துப்ப முடியாதவரின் நுரையீரலுக்குள் பாக்டீரியா அது வழியா இறங்கும். 1918 ஃப்ளூவில் பெரும்பாலானவங்களைக் கடைசியில் சாய்ச்சதும் பாக்டீரியா நிமோனியாதான்.

உங்க பாட்டிக்கு ஸ்டீராய்டு எழுதித் தந்தா, 'சுகர் எப்பப்ப பார்க்கணும், எப்ப நிறுத்தணும் டாக்டர்?'னு கேட்டுட்டு வாங்க.