கல்லூரிப் பட்டமும் விமானியின் உரிமமும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, சாந்தாகுரூசில் இறங்கும் விமானங்களின் ஒலி புதிதன்று. அவ்வொலியைக் கேட்டே வளர்ந்த மகனோ மகளோ, “நான் விமானி ஆக விரும்புகிறேன்” என்று கூறும்பொழுது, பெற்றோர் மனத்தில் எழும் வினா ஒன்று உண்டு. பட்டப் படிப்பை முடித்தபின் பயிற்சிக்கு அனுப்புவதா, படிப்பை விடுத்து உடனே அனுப்புவதா, இரண்டையும் ஒருங்கே நடத்தலாகுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விமானி ஆவதற்குப் பட்டம் இன்றியமையாததன்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியாவில் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா பல்கலைக் கழகப் பட்டம் பெற்றவரல்லர். 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹு திடலுக்குத் தபால் மூட்டைகளுடன் விமானத்தை ஓட்டிவந்தவர் அவரே. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட். அதே 1932ஆம் ஆண்டில்தான் பம்பாய்வாழ் தென்னிந்தியர்கள் தம் மக்களின் கல்விக்காகத் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். இன்று நம் இளைஞர் முன் நிற்பவையும் இவ்விரு வழிகளே.

இனி, சட்டம் வேண்டுவது யாது? வணிக விமானி உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் வேண்டும் என்பது நெடுநாளைய விதி. வணிகவியல் பயின்றோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக அவ்விரு பாடங்களையும் எழுதித் தேறுவது வழக்கம். விமான விதிகள், வழியறிதல், வானிலை, விமானத் தொழில் நுட்பம் ஆகிய தேர்வுகளில் நூற்றுக்கு எழுபது மதிப்பெண் பெறல் வேண்டும். இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருத்தலும், அதில் 100 மணி நேரம் தாமே தலைமை ஏற்று ஓட்டியிருத்தலும் தேவை. இவற்றுள் எங்கும் பட்டம் என்ற சொல் இல்லை.

அங்ஙனமாயின் பட்டம் எதற்கு? விமானியின் உரிமம் அவருடைய உடல்நிலையைச் சார்ந்தது. குறித்த கால இடைவெளியில் மருத்துவச் சோதனையில் தேறினால்தான் அது செல்லும். கண்ணோ செவியோ இதயமோ குறையுற்றால், ஐம்பது இலட்சம் ரூபாயையும் எட்டக்கூடிய செலவில் ஈட்டிய உரிமம் பயனற்றுப்போதல் கூடும். உடல் நலமாயிருப்பினும் வேலை நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நிறுத்தியது. தாராவியில் இட்டிலி விற்றுச் சேர்த்த பணத்தையோ, செம்பூர் வீட்டை ஈடுவைத்துப் பெற்ற கடனையோ இத்தொழிலில் இடுகின்ற குடும்பத்துக்கு, பட்டம் என்பது மழைக்காலத்துக்கு எடுத்துவைத்த குடை போன்றது.

இதற்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. இராமேசுவரத்து அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், பின்னர் குரோம்பேட்டையில் விமானப் பொறியியலும் பயின்றவர். விமானப் படையில் விமானி ஆவதே அவருடைய கனவு. தேராதூனில் நடந்த தேர்வில் எட்டு இடங்களே இருந்தன. அவர் ஒன்பதாமவராக நின்றார். அக்கதவு மூடியபொழுது, கற்ற கல்வி வேறொரு கதவைத் திறந்தது. குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், 2006 ஜூன் 8ஆம் நாள், தம் 74ஆம் வயதில் புனேயிலிருந்து சுகோய் விமானத்தில் பறந்தார்.

இரண்டையும் ஒருங்கே நடத்த முற்படுவோர்க்கு மும்பையில் நேரும் இடர்ப்பாடுகள் இரண்டு. முதலாவது இடம். ஜூஹுவில் 1928இல் தோன்றிய பம்பாய்ப் பறத்தல் கழகமே பிற்காலத்தில் தன் பயிற்சியை 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தூலேவுக்குக் கொண்டு சென்றது. காலையில் கல்லூரி, மாலையில் விமானம் என்பது கூடாத காரியம். இரண்டாவது காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகத்தால் பயிற்சி தடைப்படும். அக்டோபருக்குப் பின்னரே வானம் தெளியும். கல்லூரியில் தேர்வுகளும் அப்பருவத்திலேயே வருகின்றன. மும்பைப் பல்கலைக் கழகம் வேண்டுவதோ நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை. இடைவெளி விட்டுப் பறப்பவர் கற்றதை மறந்து மீண்டும் பணம் கொடுத்துக் கற்க நேரிடும்.

ஆதலின் நமக்குத் தோன்றும் வழிகள் மூன்று. வசதி குறைந்தோர் முதலில் பட்டத்தை முடித்தல் நன்று. கல்லூரி நாட்களிலேயே, மழைக்கால மாலைகளில், விமானத் தேர்வுப் பாடங்களைப் படித்துவிடலாம். விரைந்து பறக்க விரும்புவோர் தொலைநிலைக் கல்வியை நாடலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் இளங்கலைப் படிப்பை மூன்று ஆண்டுகளிலும் முடிக்கலாம், ஆறு ஆண்டுகள் வரையிலும் நீட்டிக்கலாம். பறக்கும் மாதங்களில் பாடத்தைத் தள்ளிவைக்க இது இடந்தரும். மூன்றாவது, பயிற்சியோடு இணைந்த விமானவியல் பட்டம். உத்தரப் பிரதேசத்தின் புர்சத்கஞ்சிலுள்ள அரசின் உரான் அகாடமி போன்ற நிலையங்களில் இதற்கு வாய்ப்பு உண்டு. எனினும் பறத்தல் கைவிட்டுப்போனால் துணை நிற்பதற்கு, வணிகவியலோ கணிதமோ பயின்ற பட்டமே மிகுதியும் உதவும் என்பது நம் கருத்து.

எவ்வழியைத் தேர்ந்தாலும் வரிசை ஒன்றே. முதலில் மருத்துவச் சோதனை. இரண்டாம் வகுப்புச் சோதனையோடு நில்லாது முதல் வகுப்பிலும் தேறியபின்னரே பெருந்தொகை கட்டுதல் வேண்டும். அடுத்து, பயிற்சி நிலையம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றதா என்று பார்த்தல். அதன்பின், அங்கே ஓடும் நிலையிலுள்ள விமானங்கள் எத்தனை, மாணவர் ஒருவர் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் பறக்கிறார் என்பதை அங்குப் பயிலும் மாணவரிடமே கேட்டறிதல். கட்டணத்தை ஒரே தடவையில் செலுத்தாது, பறந்த மணிக்கு ஏற்பத் தவணையில் செலுத்த இசைவு கேட்டல். இந்நான்கையும் செய்து முடிக்கப் பெரும்பொருள் தேவையில்லை. சில மாதப் பொறுமையே தேவை.