மூச்சு மீளும் வேகத்தில் தசைநாண் மீள்வதில்லை

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் கொண்டது நெடுந்தூர டிரையத்லான். பல மாத இடைவெளிக்குப் பின் இதற்குத் தயாராவோர், சில வாரங்களிலேயே குதிகால் வலியுடன் எங்களிடம் வருகின்றனர்.

பயிற்சியை நிறுத்திய இரு வாரங்களுக்குள் குருதியின் நீர்மப் பகுதி குறைகிறது. மீண்டும் தொடங்கினால் அது விரைவில் ஈடாகிறது. மூச்சிரைப்பு தணிந்ததும் பழைய வேகம் கைகூடியதாகத் தோன்றும். தசைநாண்களும் எலும்புகளும் வலுப்பெறவோ மாதங்கள் ஆகும். ஆகவே நீச்சலையும் சைக்கிளையும் முதலில் கூட்டுங்கள். ஓட்டத்தை நடையுடன் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மேற்கொள்ளுங்கள். பழைய பயிற்சிக் குறிப்பேட்டைச் சிறிது காலம் மூடிவைப்பதும் நன்று. அதைப் பார்த்து ஓடியவர்களையே நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம்.

இடைவெளிக்கு இதயநோய் காரணமெனில், மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்காதீர்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ நேர்ந்தால் உடனே நிறுத்தி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.