தீவுப் பக்கம் போகக்கூடாதுன்னா பாசிக்கு எங்கே போறது?

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் பேசி முடித்த பிறகு, குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. கடலைக் காப்பாத்தணும்னு எல்லோரும் சொல்றாங்க, சரி. ஆனால் அந்தக் கடலை நம்பி அடுப்பு எரிக்கிற பெண் என்ன செய்வாள்?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். தூத்துக்குடியிலிருந்து இராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். இவற்றையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989ல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் வேறு. அது 10,500 சதுர கிலோமீட்டர். பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, கடலே பூட்டிப் போச்சு என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. காப்பகம் முழுவதும் மீன்பிடிக்கத் தடை கிடையாது. கெடுபிடி எல்லாம் நடுவிலுள்ள பூங்காப் பகுதிக்குத்தான்.

ஆனால் பாசி எடுக்கும் பெண்களுக்கு வேண்டிய இடமும் அதே பூங்காதான்! படகும் வலையும் உள்ளவர் இன்னும் ஆழத்துக்குப் போய்க்கொள்ளலாம். மரிக்கொழுந்துப் பாசி ஆழத்திலா வளரும்? தீவு ஓரத்துக் கல்லில்தான் வளரும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கிக் கையால் பறிக்க வேண்டும். அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து எடுப்பது ஆல்ஜினேட். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேருகிற பொருள்கள் இவை. தலைமுறையாகச் செய்த இந்த வேலை 2000க்குப் பிறகு கண்காணிப்பு கூடியதும் குற்றம்போல் ஆகிவிட்டது. அபராதம், பாசியைப் பிடுங்கிக்கொள்வது என்று பல அக்காமார் அவதிப்பட்டார்கள்.

வனத்துறை சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பவளப்பாறை என்பது வெறும் கல் அல்ல, உயிர். மீன் முட்டையிட, குஞ்சு ஒளிந்துகொள்ள அதுதான் வீடு. அலையின் வேகத்தைத் தடுப்பதும் அதுதான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி என்ற தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. பாசியை இரும்புத் தகட்டால் சுரண்டினால் பவளக்கல்லும் பெயரும், பாசியின் வேரும் போய்விடும். பிறகு அங்கே முளைக்க ஒன்றும் இருக்காது.

அதற்காகக் கையால் பறிக்கும் பெண்ணையும், கடலடியில் இருக்கும் கடற்புல்லையெல்லாம் வாரிக்கொண்டு வரும் இழுவலை விசைப்படகையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கி 1983லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2001 முதல் 45 நாள் தடைக்காலமும் உண்டு. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் ஆனது. சட்டத்துக்குக் குறைவில்லை. கரையோரம் வரும் பெரிய படகு மேல் அது பாய்கிறதா என்பதுதான் சங்கதி.

பாம்பன் அருகே சின்னப்பாலம் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது. தடைக்காலத்தில் கடலில் இறங்குவதே இல்லை. இரும்புத் தகடு வேண்டாம், வேரை விட்டுவிட்டுக் கையால்தான் பறிக்க வேண்டும். கூலிக்குப் போகிற வீட்டில் மாதம் பாதிக்குமேல் சும்மா இருப்பது லேசுப்பட்ட முடிவா? அடுத்த முறை போகும்போது பாசி தழைத்திருந்தால்தான் நமக்கும் பிழைப்பு என்று கணக்குப் போட்டுத்தான் துணிந்தார்கள். அந்த ஊர் லட்சுமி அவர்களுக்கு 2015ல் சீகாலஜி விருது அமெரிக்காவில் வழங்கப்பட்டது. விருதைவிட, பூங்கா பற்றிப் பேசும்போது இந்தப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. இன்னும் பல ஊர்களில் பதிவேட்டில் இவர்கள் 'மீனவர் மனைவி'தான், தொழிலாளி அல்ல. மீனவர் நலவாரியத்தில் உங்கள் பெயர், உங்கள் தொழிலோடு பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, மாற்றுத் தொழில்? பாசி வளர்ப்புக்குக் கடன் கேட்டுக் கூட்டமைப்புக்கு விண்ணப்பங்கள் வருவதால் இதையும் சொல்லிவிட வேண்டும். கப்பாபைகஸ் என்பது வெளிநாட்டுப் பாசி. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியதால் நம் பக்கம் 'பெப்சி பாசி' என்றே பெயராகிவிட்டது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், அதில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுவடை. ஒரு ஆள் 45 தெப்பம் வைத்துக்கொண்டால் தினமும் ஒன்று எடுக்கலாம். மூழ்க வேண்டாம், வீட்டுக்குப் பக்கம். பல குழுக்கள் இதில் நன்றாகவே சம்பாதித்தன.

ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. தெப்பத்திலிருந்து அறுந்து போன பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக 2008ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூடிய பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, செத்துவிடும். 2005ல் வந்த அரசாணையின்படியே பூங்காக் கடலில் இதை வளர்க்க அனுமதி இல்லை. இரண்டாவது, 2013ல் பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது. விளைச்சல் போச்சு, தவணை நிற்குமா?

ஆகவே கடன் தீர்மானம் எழுதும் முன் தெப்பம் எந்தக் கடலில் கட்டப் போகிறார்கள், மீன்வளத்துறை அனுமதி உண்டா, வெயில் காலத்தில் பாசி அழிந்தால் விதைப்பாசி யார் தருவார்கள், வாங்கும் கம்பெனி விலையை எழுத்தில் தருமா என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கோடை மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துப் போடச் சொல்லி வங்கி மேலாளரிடம் கேட்கலாம், தப்பில்லை. கடல் அட்டை வியாபாரத்துக்கு என்று யாராவது உள்கடன் கேட்டால் மட்டும் கொடுக்கவே வேண்டாம். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிபட்டால் சிறைதான்.