வக்கீல் ஸெட்ஜ்விக்கும் அடிமைப் பெண்ணும்

சுதந்திரம் என்னும் சொல்லை மேடையில் முழங்குவது எளிது. அச்சொல் தன் வீட்டு அடுப்பங்கரையில் உழைப்பவரையும் சாரும் என்று ஒப்புக்கொள்வது அரிது. அமெரிக்கக் குடியரசின் ஆரம்ப காலத்தில் வக்கீலாகவும், ஜனப் பிரதிநிதியாகவும், நியாயாதிபதியாகவும் விளங்கிய தியடோர் ஸெட்ஜ்விக்கின் சரித்திரம் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஸெட்ஜ்விக் 1746-ஆம் ஆண்டு கனெக்டிகட்டில் பிறந்தார். யேல் கலாசாலையில் பயின்று, 1766-இல் வக்கீலாகி, மஸாசூஸெட்ஸின் மேற்குப் பகுதியிலுள்ள ஷெபீல்டு என்னும் ஊரில் குடியேறினார். 1773-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வூரார் பிரிட்டிஷ் அதிகாரத்தின் அத்துமீறல்களைக் கண்டித்துச் சில தீர்மானங்களை நிறைவேற்றினர். இயற்கையில் மனிதர் யாவரும் சமமானவர், சுதந்திரமுடையவர் என்பதே அவற்றுள் முதன்மையான கருத்து. அத்தீர்மானங்களை வரைந்த கமிட்டியில் ஸெட்ஜ்விக் முக்கிய பங்கு கொண்டார். அதன் தலைவர் கர்னல் ஜான் ஆஷ்லி. ஊரில் பெருஞ் செல்வர், நியாயாதிபதி பதவியும் வகித்தவர்.

அந்த ஆஷ்லியின் மாளிகையில் அடிமைகள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பெட் என்னும் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்மணி. ஒரு நாள் எஜமானி காய்ந்த அடுப்புக் கரண்டியை ஓங்கி மற்றொரு பெண்ணை அடிக்க வந்தபோது, பெட் குறுக்கே கையை நீட்டி அவ்வடியைத் தாமே ஏற்றார். அத்தழும்பு கடைசிவரை மறையவில்லை என்பர்.

1780-இல் மஸாசூஸெட்ஸ் தனக்கென ஓர் அரசியல் சட்டம் வகுத்துக்கொண்டது. மனிதர் யாவரும் சுதந்திரராயும் சமமாயும் பிறந்தவர் என்று அதன் முதல் ஷரத்து கூறிற்று. இத்தகைய வாசகத்தைப் பிறர் வாசிக்கக் கேட்ட பெட், எழுத்தறியாதவராயினும், அதன் பொருளை நன்றாக அறிந்துகொண்டார். நேரே ஸெட்ஜ்விக்கிடம் சென்று, அச்சட்டம் தமக்கும் விடுதலை தராதோ என்று வினவினார்.

ஸெட்ஜ்விக் வழக்கை ஏற்றுக்கொண்டார். டாப்பிங் ரீவ் என்னும் வக்கீலும் உடன் நின்றார். பிராம் என்ற மற்றோர் அடிமையும் வாதியாகச் சேர்க்கப்பட்டார். முறையின்றிப் பிடித்து வைக்கப்பட்ட சொத்தை மீட்பதற்குரிய ஆணை ஒன்றே வழக்குக்கு வாயிலாயிற்று. அவ்விருவரும் ஆஷ்லியின் உடைமையல்லர் என்று வாதிப்பதற்குச் சொத்து வழக்கின் முறையையே வக்கீல் கருவியாகக் கொண்டார்! 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நியாயஸ்தலத்தில் ஜூரிகள் வாதிகளின் பக்கம் தீர்ப்பளித்து, 30 ஷில்லிங் நஷ்டஈடும் செலவுத் தொகையும் விதித்தனர். ஆஷ்லி முதலில் அப்பீல் செய்து, பின்னர் அதைக் கைவிட்டார். 1783-இல் குவாக் வாக்கரின் வழக்கில் மாகாண உயர் நியாயஸ்தலமும் அடிமைமுறைக்கு எதிராக நின்றது. 1790-ஆம் ஆண்டு ஜனக் கணக்கில் மஸாசூஸெட்ஸில் அடிமை ஒருவரேனும் பதிவாகவில்லை.

ஸெட்ஜ்விக்கின் பதவிகளோ வளர்ந்துகொண்டே சென்றன. 1789 முதல் பிரதிநிதி சபையிலும், 1796 முதல் செனட்டிலும் அங்கம் வகித்தார். 1799 முதல் 1801 வரை பிரதிநிதி சபையின் சபாநாயகராயிருந்தார். 1802 முதல் 1813-இல் இறக்கும்வரை மஸாசூஸெட்ஸ் உயர் நியாயஸ்தலத்தில் நியாயாதிபதியாகப் பணிபுரிந்தார்.

ஆயினும் அவரை மாசற்றவரென்று கொண்டாடுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. சொத்துரிமையையும் ஒழுங்கையும் பெரிதெனக் கருதிய அவர், கடன் சுமையால் வாடிய குடியானவர் 1786-இல் ஷேஸ் என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை உறுதியாக எதிர்த்தார். தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க ஒரு மசோதா தயாரிக்கும்படி 1791-இல் பிரதிநிதி சபை நியமித்த மூவர் கமிட்டியிலும் அவர் இருந்தார். அந்நகல் நிறைவேறவில்லை, எனினும் 1793-இல் அதே நோக்கமுடைய சட்டம் அமுலுக்கு வந்தது. பெட்டின் விலங்கை முறித்த வக்கீல், பத்தே ஆண்டுகளில் வேறு பலரின் விலங்குக்கு நகல் எழுதும் மேஜையில் அமர்ந்தார் என்பதை மறைத்தற்கில்லை.

பெட்டோ, பெற்ற விடுதலையில் சிறிதும் தளரவில்லை. கூலி தருவதாகச் சொல்லி ஆஷ்லி திரும்ப அழைத்தும் மறுத்தார். எலிஸபெத் பிரீமன் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். சுதந்திர மனிதர் என்பது அப்பெயரின் பொருள். ஸெட்ஜ்விக் குடும்பத்தில் ஊதியம் பெற்று உழைத்து, அவர் குழந்தைகளை வளர்த்தார். அக்குழந்தைகளுள் ஒருவரான காத்தரீன் பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியையாகி, பெட்டின் வரலாற்றை உலகறிய எழுதினார். 1829-இல் மறைந்த பெட், ஸ்டாக்பிரிட்ஜ் நகரில் ஸெட்ஜ்விக் குடும்பத்தாரின் கல்லறைகளிடையே அடக்கம் செய்யப்பட்டார்.

சமத்துவ வாசகத்தைத் தீட்டியவர்கள் கற்றோரும் செல்வரும் ஆவர். அவர்கள் எண்ணியது தம்மவரின் உரிமையை. அவ்வாசகத்தின் முழுப் பொருளையும் கேட்டு வாங்கியவர் எழுத்தறியாத ஓர் அடிமைப் பெண். அவர் கதவைத் தட்டியபோது அதைத் திறந்தது ஸெட்ஜ்விக்கின் பெருமை. பிறகு வந்தவர்களுக்கு அக்கதவைத் திறந்து வைக்காதது அவருடைய குறை. எந்த நாட்டின் அரசியல் சட்டத்திலும் எழுதப்பட்ட உரிமைக்கு உயிர் தருவோர், அது தமக்கும் உரியதன்றோ என்று துணிந்து கேட்பவர்களே.