முதல் உறை எங்கிருந்து வந்தது?

காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஒரு கரண்டி தயிரைக் கலந்து மூடிவைத்தால் விடிவதற்குள் தயிர் தோய்ந்துவிடும். தயிர் செய்யத் தயிர் வேண்டும்! ஆனாலும் இதில் சிக்கல் இல்லை, உள்ளே போவது நேற்றைய தயிர்தானே. நேற்றையதற்கு முந்தாநாளையது. ஒரு செயல்முறை தன்னையே இப்படித் துணைக்கு அழைப்பதைத்தான் கணினித் துறையில் ரிகர்ஷன் என்கிறார்கள்.

பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் எங்காவது நின்றாக வேண்டும். உறைமோர் இல்லாத நாளில் மிளகாய் வற்றல் காம்புகளைக் கிள்ளி இளஞ்சூடான பாலில் போடுவார்கள். காம்போடு வரும் பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்க, பால் மெதுவாக உறையும். அந்த முதல் தயிர் சுமாராகத்தான் இருக்கும். அதையே மறுநாள் உறை ஊற்றினால் கெட்டிப்படும். அதன்பின் காம்புக்கு வேலையில்லை.

நம் கைப்பேசிக்குள் ஓடும் மென்பொருளும் இப்படி உறை ஊற்றி வந்ததுதான். மனிதர் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். சி மொழிக்கான கம்பைலரை சி மொழியிலேயே எழுதலாம். அதை மாற்றித்தர முந்தைய கம்பைலர் ஒன்று வேண்டும். 1962-இல் எம்.ஐ.டி.யில் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் லிஸ்ப் மொழிக்கான கம்பைலரை லிஸ்ப்பிலேயே எழுதினார்கள். அப்போது மிளகாய்க் காம்பாக உதவியது, நிரலை மாற்றாமல் அப்படியே இயக்கும் இன்டர்ப்ரெட்டர். அதில் ஓடவிட்டு, கம்பைலரைக் கொண்டே கம்பைலரை எந்திர மொழிக்கு மாற்றினார்கள்.

உறையில் வேண்டாத கிருமி புகுந்துவிட்டால்? தயிர் கொழகொழத்து நூல்விடும். எவ்வளவு நல்ல பால் வாங்கினாலும் அடுத்த நாளும் அதே கதிதான். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் வெளியான டியூரிங் விருது உரையில் இதைத்தான் சொன்னார். கடவுச்சொல் கேட்கும் நிரலில் கள்ளவழி வைக்கும்படி ஒரு கம்பைலரைப் பழக்கலாம். அது தன் அடுத்த தலைமுறையை உருவாக்கும்போதும் அதே குணத்தைச் சேர்க்கப் பழக்கலாம். பிறகு மூல நிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். வரிவரியாகப் படித்தாலும் குற்றம் தெரியாது. குறை பாலில் இல்லை, உறையில் இருக்கிறது. கணினியியலில் என்னை இவ்வளவு கலங்கவைத்த உரை வேறில்லை.

இதற்குக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் ஒரு சோதனை சொன்னார். சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பைலரிடம் மூல நிரலைக் கொடுங்கள். கிடைப்பதைக் கொண்டு அதே நிரலை மீண்டும் மாற்றுங்கள். வருவதும் சந்தேகத்துக்குரிய கம்பைலரும் பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போக வேண்டும். பக்கத்து வீட்டு உறையை வாங்கி இப்படிச் சோதிக்க முடியாது, அந்த வீட்டுக் கிருமி நம் தயிரிலும் தங்கிவிடும். மென்பொருளிலோ, அந்த வேறு கம்பைலரிலும் இதே கள்ளம் இல்லாதவரை, இரண்டாவது சுற்றில் வருவதைத் தீர்மானிப்பது மூல நிரல் மட்டுமே.