இரு முகத்துவாரங்களுக்கு நடுவே ஒரு பழந்துறைமுகம்

செஞ்சிப் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி வரும் சங்கராபரணி ஆறு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடையுமுன் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. இவ்விரு கிளைகளும் வங்கக் கடலும் சூழ்ந்த தாழ்வான வண்டல் தீவில்தான், சுண்ணாம்பாற்றங்கரையில் நோணாங்குப்பமும், அரியாங்குப்பம் ஆற்றின் தென்கரையில் பழந்துறைமுகமான அரிக்கமேடும் அமைந்துள்ளன.

இயற்கைத் துறைமுகம் ஏதுமற்ற இந்த நேர்கோட்டுக் கடற்கரையில், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், கோடையில் முகத்துவாரங்கள் மணல் திட்டுகளால் அடைபடுவதும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வெள்ளம் அவற்றை உடைத்துத் திறப்பதும் வழக்கம். நோணாங்குப்பம் படகு குழாமிலிருந்து சுற்றுலாப் பயணிகள் செல்லும் கடற்கரையும், ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே அலைகள் குவித்த அத்தகைய மணல் திட்டுதான். திட்டுக்குப் பின்னால், ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அமைதியான கழிமுகமே பண்டைய மரக்கலங்களுக்குப் புகலிடமாக இருந்திருக்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு இக்கடற்கரையில் 'பொதுகே' என்றொரு துறைமுகத்தைக் குறிக்கிறது. அது அரிக்கமேடே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1768இல் புதுச்சேரி வந்து, மறு ஆண்டு அந்த நாளில் மேகம் மறைத்ததால் ஏமாற்றமடைந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையின் இடிபாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், இத்தாலியின் அரெஸ்ஸோ நகர மரபில் செய்யப்பட்ட, முத்திரை பதித்த சிவப்புக் கலங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்பே தெரிந்திருந்ததால், அவற்றோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பொருள்களின் காலத்தையும் அவர் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலக்கணக்கு ஒன்று அமைந்தது இவ்வாறுதான்.

ஆனால் அரிக்கமேடு ரோமானிய வணிகத்தால் பிறந்த ஊர் என்ற அவரது முடிவு நிலைக்கவில்லை. உட்புற அடியில் நுண்ணிய புள்ளிகளை வட்டவட்டமாகப் பதித்த 'ரௌலட்டெட்' தட்டுகளை அவர் மத்தியத்தரைக்கடல் நுட்பத்தின் விளைவாகக் கருதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வோ, ரோமானியத் தொடர்புக்கு முன்பே இவ்வூரில் குடியிருப்பு இருந்ததையும், அத்தட்டுகள் வீலர் கருதியதைவிடப் பழமையானவை என்பதையும் காட்டியது. அவற்றின் களிமண்ணை ஆராய்ந்தவர்கள் கீழைக் கங்கைச் சமவெளியைச் சுட்டுகின்றனர். பாலித் தீவின் செம்பிரான் வரை அவை சென்றிருக்கின்றன. எனவே இதை 'ரோமானியத் துறைமுகம்' என்று இன்றும் அழைப்பது, வங்கக் கடலைக் கடந்த அந்தப் பெரும் வணிகத்தை மறைப்பதாகும்.

அரிக்கமேட்டின் சொந்தத் திறமைக்கு அதன் கண்ணாடி மணிகளே தலைசிறந்த சான்று. உருகிய கண்ணாடித் திரளினுள் இரும்புக் கோலைச் செலுத்தித் துளையிட்டு, அதைக் கையால் நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாதபடி சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்குவார்கள்; வெட்டிய கூர் விளிம்புகள் மழுங்கி, பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான உருண்டை மணிகள் கிடைக்கும். இம்முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை நீடித்தது. இவ்வகை மணிகள் தென்கிழக்காசியா முழுவதும் காணப்படுவதால், 'இந்தோ–பசிபிக் மணிகள்' என்று அவற்றுக்குப் பெயரிட்ட ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், அத்தொழிலின் தொடக்ககால மையமாக அரிக்கமேட்டையே கருதினார்.

அன்றைய மரக்கலங்களுக்குக் கழிமுகத்தை உருவாக்கித் தந்த அதே மணலோட்டம் இன்றும் ஓயவில்லை. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததால், அவற்றுக்குத் தெற்கே மணல் குவிந்தது; வடக்கே புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்தது.