தவிட்டில் தங்கும் வர்ணம்

அரிசி என்றாலே வெண்மை என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, தஞ்சைத் தரணியில் இன்றும் சிலர் பேணி வளர்க்கும் மாப்பிள்ளைச் சம்பாவின் செம்மையும் கருப்புக் கவுனியின் கருமையும் விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் நெல்லின் பூர்வ சரித்திரத்தில் செம்மையே ஆதி வர்ணம், வெண்மை பிற்பாடு வந்தது.

காட்டு நெல்லின் அரிசித் தோல் பெரும்பாலும் சிவப்பே. அச்செம்மைக்குக் காரணமான மரபணுவை 2006-ஆம் ஆண்டில் இனங்கண்ட விஞ்ஞானிகள், அதன் டி.என்.ஏ. தொடரில் 14 எழுத்துக்கள் உதிர்ந்துபோனதே இன்றைய வெள்ளரிசிகளில் மிகப் பெரும்பாலானவை வெளுத்ததற்குக் காரணம் என்று கண்டார்கள். விதையை உடனே முளைக்கவிடாமல் உறங்க வைப்பதிலும் அதே மரபணுவுக்குப் பங்குண்டு என்பது பின்னர் நிரூபணமாயிற்று. அறுவடைச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டு, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிடக் கண்டு கலங்கியிருக்கும் டெல்டா விவசாயிக்கு அவ்வுறக்கத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கவுனியின் கருமையோ வேறு வழியில் பிறப்பது. அந்தோசயனின் எனப்படும் நிறமிகள், அவற்றுள்ளும் பிரதானமாகச் சயனிடினோடு சர்க்கரை சேர்ந்த ஒன்று, அதன் தோலில் செறிந்திருக்கின்றன. அவை நீரில் கரைபவை. ஆதலால் ஊறிய நீர் ஊதாவாகிறது. அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சிவக்கிறது, ஆப்பச் சோடாவைத் தூவினால் நீலம் பாய்கிறது. ரோஜாவின் சிவப்பும் ஐரோப்பியக் கோதுமை வயல்களில் பூக்கும் ஒரு நீல மலரின் நீலமும் ஒரே நிறமியின் கோலங்களே என்று காட்டிய ஜெர்மானிய ரசாயன அறிஞர் வில்ஸ்டேட்டர், தாவர நிறமிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்றார். மாப்பிள்ளைச் சம்பாவின் செம்மை அவ்வளவு எளிதில் கரைவதில்லை. அதன் மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்தவை. எனினும் வீரியமான அமிலத்தில் காய்ச்சினால் அச்சங்கிலி அறுந்து, அதே சயனிடின் வெளிப்படுகிறது. இரண்டும் ஒரே குலத்தவை.

இவ்விரு வர்ணங்களும் அரிசியின் உட்பாகத்தில் இல்லை, தவிட்டுப் படலத்தில்தான் தங்குகின்றன. ஆலையில் வெளுக்கத் தீட்டினால் அவை தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகின்றன. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிநின்று, கட்டிமேடு கிராமத்து நெல் ஜெயராமன் 2018-இல் மறையும்வரை ஊர் ஊராய்த் தேடிச் சேகரித்துப் பரப்பிய பாரம்பரிய நெல்லை, வர்ணம் போகத் தீட்டி உண்பது அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆகவே கவுனியைத் தீட்டாமல் வாங்குங்கள். கழுவி இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே வேகவையுங்கள்.